007-க்குப் பங்காளி எதற்கு?

ஜேம்ஸ் பாண்ட் படவரிசையின் புதிய தயாரிப்பாளர் ஏமி பாஸ்கல் அவர்களுக்கு,

1962-இல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி 2021 வரை 25 படங்கள். கண்ணுக்கே தெரியாத காரைக்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் பாண்ட் ரசிகர்கள். 2015-இல் வந்த 'ஸ்பெக்டர்' மட்டும் அவர்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. திரையரங்கு வாசலில் முணுமுணுத்துப் பயனில்லை என்பதால் இந்த மடல்.

அந்தப் படம் எழுதப்பட்டபோது, அதை வெளியிடவிருந்த சோனி பிக்சர்ஸின் இணைத்தலைவர் தாங்கள். 2014-இல் ஹேக்கர்கள் கொட்டிய மின்னஞ்சல்களில், கதையின் கடைசிப் பகுதி தேறவில்லை என்று உள்ளே இருந்தவர்களே புலம்பியதை ஊரே படித்தது. ஆகவே தங்களுக்குத் திரைக்கதைப் பாடம் தேவையில்லை. ஒரு காட்சி போதும்.

பாண்டை நாற்காலியில் கட்டி, மண்டையில் துளையிட்டுக்கொண்டே வில்லன் தன் கதையைச் சொல்கிறான். பெற்றோரை இழந்த சிறுவன் பாண்டைத் தன் அப்பா அன்பாக வளர்த்தாராம்; பொறாமையில் அப்பாவையே தீர்த்துக்கட்டினானாம்; இப்போது அவன்தான் பாண்டின் பழைய பரம எதிரி ப்ளோஃபெல்டாம். 'கேசினோ ராயல்' முதல் பாண்ட் பட்ட பாடெல்லாம் இவன் வேலையாம்!

தீவிரவாதிகளின் பணத்தைத் தொலைத்துவிட்டு, உயிர்பயத்தில் சீட்டாட உட்கார்ந்தவன் 'கேசினோ ராயல்' வில்லன் லெ ஷிஃப். எவ்வளவு கச்சிதமான காரணம்! அவனையும் ஒரு பொறாமைக்கார அண்ணனின் எடுபிடியாக்கிவிட்டீர்கள்.

பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கின் 'தண்டர்பால்' நாவலில் ப்ளோஃபெல்டின் அப்பா போலந்துக்காரர், அம்மா கிரேக்கப் பெண். பாண்டுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாண்டைக் கிண்டலடிக்கவே எடுத்த 'ஆஸ்டின் பவர்ஸ்' வரிசையின் மூன்றாம் படம், நாயகனும் வில்லனும் அண்ணன் தம்பி என்று 2002-லேயே சிரிக்கவைத்தது. அதே விஷயத்தை 13 ஆண்டு கழித்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். 'நாளை நமதே' பார்த்த ஊருக்குப் பிரிந்த சகோதரர் கதை புதிதல்ல. அங்கே ஒரு குடும்பப் பாட்டாவது இருந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த அண்ணனை என்ன செய்தார்கள்? அடுத்த படமான 'நோ டைம் டு டை', சிறை விசாரணைக் காட்சி ஒன்றில் அவனைக் கொன்று கணக்கை மூடியது.

2025-இல் லகான் அமேசான் கைக்குப் போனது. புதிய படத்தை டெனி வில்னவ் இயக்குகிறார், ஸ்டீவன் நைட் எழுதுகிறார். நல்ல ஆட்கள்தான். அடுத்த வில்லன் கடனாளியாக வரட்டும், பேராசைக்காரனாக வரட்டும், பைத்தியமாகவே வரட்டும். தயவுசெய்து பாண்டின் சித்தப்பா மகனாக மட்டும் வர வேண்டாம்.