பெரிய டெலிவிஷன்: வரி குறைந்தது; செலவு குறையுமா?

பெரிய டெலிவிஷன் பெட்டிக்கு வரி குறைந்துவிட்டது.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு முன்பு 28 சதவிகிதம் வரி. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது 18 சதவிகிதம் ஆயிற்று. அந்த மாதம் 3-ந் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு இது.

வரி குறைந்தது நல்ல சேதிதான். ஆனால், வரி குறைந்ததாலேயே வீட்டுச் செலவு குறைந்துவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு மிச்சம்?

வரி 28-லிருந்து 18 ஆனால், விலையில் 10 சதவிகிதம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

வரி சேராத விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு நீங்கள் கொடுத்தது 128 ரூபாய். இப்போது கொடுப்பது 118 ரூபாய். 128 ரூபாயில் 10 ரூபாய் குறைந்தால், அது 8 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவு.

முன்பு ரூ.40 ஆயிரத்துக்கு விற்ற பெட்டி, இந்த வரி மாற்றத்தால் ரூ.36,875 ஆகும். மிச்சம் ரூ.3,125.

32 அங்குலப் பெட்டிக்கும் அதற்குச் சிறிய பெட்டிக்கும் முன்பே 18 சதவிகித வரிதான். அவற்றின் விலை இந்த மாற்றத்தால் குறைய வழி இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. டெலிவிஷன் விலையில் பெரும் பங்கு அதன் திரைக்கே போகிறது. திரைப் பலகைகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. டாலரின் மதிப்பு ஏறினால், இங்கே பெட்டியின் விலையும் ஏறும். 2025-ம் ஆண்டின் கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. 'ஸ்மார்ட்' டெலிவிஷனுக்குள் அந்தச் சில்லும் இருக்கிறது.

ஆகவே, வரியில் குறைந்தது வேறு வழியில் ஏறிவிடக்கூடும். "வரி குறைந்திருக்கிறது, உடனே வாங்குங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், பழைய விலை என்ன, இன்றைய விலை என்ன என்று கேளுங்கள்.

ஆசை எங்கே பிடிக்கிறது?

43 அங்குலம் வாங்குவது என்று முடிவு செய்து ஒரு குடும்பம் கடைக்குப் போகிறது. கையில் ரூ.28 ஆயிரம்.

"இன்னும் ஐயாயிரம் போட்டால் 50 அங்குலம்" என்பார் கடைக்காரர். 50-க்கு மனம் இசைந்ததும், "இன்னும் ஏழாயிரம் போட்டால் 55" என்பார்.

வரி குறைந்ததால் சில ஆயிரம் மிச்சம் என்று போனவர்கள், ரூ.12 ஆயிரம் கடனோடு திரும்புகிறார்கள்.

இதற்கு ஒரே மருந்து உண்டு. கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். இவ்வளவுதான் செலவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் கூலி, மாட்டும் சட்டம், ஸ்டெபிலைசர் வேண்டுமானால் அதன் விலை ஆகியவையும் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

14-லிருந்து 55

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அப்போது படம் கறுப்பு வெள்ளை. 1982-ல் வண்ணம் வந்தது. 2006-ல் தமிழ்நாடு அரசாங்கம் இலவசமாக வண்ண டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. அது 14 அங்குலப் பெட்டி. அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ!

இன்றைய 55 அங்குலத் திரையின் பரப்பு எவ்வளவு தெரியுமா? அந்த 14 அங்குலத் திரையைப்போல ஏறக்குறைய 14 மடங்கு!

அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் அல்ல. 43 அங்குலப் பெட்டியின் திரை 95 சென்டிமீட்டர் அகலம். 55 அங்குலம் என்றால் அகலம் 122 சென்டிமீட்டர். அதாவது 4 அடி. பீரோவுக்கும் ஜன்னலுக்கும் இடையே அது நிற்குமா என்று முன்பே அளந்து பாருங்கள்.

எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள்?

திரையின் அளவை முடிவு செய்ய வேண்டியது உங்கள் அறை.

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து திரை இருக்கப்போகும் சுவர் வரை நாடா வைத்து அளவு எடுங்கள். திரையின் அங்குல அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரம் இருந்தால் கண்ணுக்குச் சௌகரியம்.

ஐந்தரை அடி தூரம் என்றால் 43 அங்குலம் போதும். ஆறேகால் அடிக்கு 50 அங்குலம். 7 அடிக்கு 55 அங்குலம். 65 அங்குலத்துக்கு 8 அடியாவது வேண்டும்.

பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் தூரம் 6 அடி இருந்தால் அதிகம். அங்கே 65 அங்குலத்தை மாட்டினால், படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண் ஓடிக்கொண்டே இருக்கும்.

4கே என்றால் என்ன?

டெலிவிஷன் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரண கேபிள் சேனலில் வரும் படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள். 'ஃபுல் எச்.டி.' படத்தில் சுமார் 21 லட்சம். '4கே' படத்தில் சுமார் 83 லட்சம்.

4கே பெட்டி வாங்கிச் சாதாரண சேனலைப் போட்டால் என்ன ஆகும்? 4 லட்சம் புள்ளிகளை 20 மடங்காக இழுத்துத் திரையை நிரப்ப வேண்டும். படம் மங்கலாகத்தான் தெரியும். திரை பெரிதாகப் பெரிதாக, அந்த மங்கலும் பெரிதாகும்!

கடையில் மட்டும் படம் ஜொலிக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஓடுவது 4கே-யில் எடுத்த விசேஷப் படம். பூவும் கிளியும் அருவியும் காட்டுவார்கள். "எங்கள் வீட்டில் வரும் சேனலைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

கேபிள் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு 43 அங்குல 'ஃபுல் எச்.டி.' தாராளம். இன்டர்நெட் வழியாகப் படம் பார்ப்பவர்கள், 50 அங்குலத்துக்கு மேல் வாங்குபவர்கள் 4கே வாங்கலாம்.

ஆனால் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். '4கே சப்போர்ட்' என்று சில பெட்டிகளில் எழுதியிருக்கும். அந்தப் பெட்டி 4கே படத்தை வாங்கிக்கொள்ளும். காட்டும்போது குறைத்துத்தான் காட்டும். விவரச் சீட்டில் 3840 x 2160 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால்தான் திரை 4கே.

பெயர்கள் பல

எல்.இ.டி., க்யூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று பெயர்களை அடுக்குவார்கள். பயந்துவிட வேண்டாம்.

எல்.இ.டி. என்பது பின்னால் விளக்கு வைத்த திரை. க்யூ.எல்.இ.டி. அதே வகைதான், நிறம் எடுப்பாகத் தெரிய நடுவில் ஒரு மெல்லிய படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். விலையும் மிக அதிகம்.

அளவான பணத்தில் வாங்குபவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்று போதும்.

கடையில் செய்ய வேண்டியவை

திரைக்கு நேரே நின்று பார்க்காதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள். சில திரைகளில் பக்கவாட்டில் நிறம் வெளுத்துப்போகும். பாட்டி ஒரு மூலையிலும், குழந்தைகள் ஒரு மூலையிலும் உட்காரும் வீட்டுக்கு அந்தத் திரை உதவாது.

சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். பெட்டி மெலிந்ததால் ஒலிபெருக்கியும் மெலிந்துவிட்டது. பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்பதே முக்கியம்.

பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. துவாரம் எத்தனை என்று எண்ணுங்கள். கேபிள் பெட்டிக்கு ஒன்று, தனி ஒலிபெருக்கிக்கு ஒன்று, மிச்சம் ஒன்று. ஆக மூன்று இருந்தால் நல்லது.

இன்டர்நெட் வசதி உள்ள பெட்டி என்றால், ரிமோட்டை நீங்களே வாங்கி அழுத்துங்கள். படம் மாற நெடுநேரம் ஆனால், வீட்டிலும் அப்படித்தான்.

முகம் தெரியாத பெயருள்ள பெட்டியா? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் ஊரில் பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள்.

தள்ளுபடியும் தவணையும்

"60 சதவிகிதம் தள்ளுபடி!" என்று விளம்பரம் வருகிறது. எதில் தள்ளுபடி? பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையில். அந்த விலைக்கு அநேகமாக யாரும் விற்பதில்லை; யாரும் வாங்குவதும் இல்லை. தள்ளுபடியை விட்டுவிடுங்கள். கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு என்பதை மட்டும் மூன்று கடைகளில் விசாரியுங்கள்.

அடுத்தது தவணை. "வட்டியே இல்லை" என்பார்கள். ஒரு பெட்டி ரூ.36 ஆயிரம். மாதம் 3 ஆயிரம் வீதம் 12 மாதம். வட்டி இல்லைபோலத்தான் தெரியும்.

"ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். ரூ.33 ஆயிரம் என்று சொன்னால், மீதி 3 ஆயிரமும் வட்டிதான். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 16 சதவிகித வட்டி ஆகிறது! கிரெடிட் கார்டுத் தவணை என்றால், அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு. சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு.

பூஜ்ய வட்டி என்று காட்டும் கடன் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-ம் ஆண்டிலேயே பாங்குகளுக்குச் சொல்லிவிட்டது.

வரி குறைந்ததால் கிடைத்த 3 ஆயிரம், தவணை வட்டியாகப் போய்விட்டால் குடும்பத்துக்கு என்ன லாபம்?

மின்சாரச் செலவு

100 வாட் எடுக்கும் டெலிவிஷனைத் தினம் 5 மணி நேரம் போட்டால், நாளுக்கு அரை யூனிட். 60 நாளைக்கு 30 யூனிட். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஓராண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். இரண்டு பெட்டிகளின் சீட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும்

திரை உடைந்தால் கியாரண்டி கிடையாது. புதுத் திரை போட ஆகும் செலவு, சில சமயம் புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆகவே, கொண்டுவந்தவர் போகுமுன் கட்டைப் பிரியுங்கள். பிரிப்பதை செல்போனில் படம் எடுங்கள். திரையை ஓடவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கியாரண்டி எத்தனை ஆண்டு, திரைக்கும் அது உண்டா என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரர் பிறகு கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் உரிமை உண்டு.

அப்படியானால் எதை வாங்குவது?

7 அடி தூரம் இல்லாத வீட்டுக்கு 43 அங்குலம் போதும். 7 அடிக்கு மேல் இடமும், ரொக்கமாகக் கொடுக்கப் பணமும் இருந்தால் 55 வாங்கலாம். பணம் குறைகிறதா? திரையைக் குறையுங்கள், கடனைக் கூட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய பெட்டி நன்றாக ஓடுகிறதா? இன்னும் ஓராண்டு ஓடட்டும்.

அரசாங்கம் வரியைக் குறைத்தது மக்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக. அந்த மிச்சம் உங்கள் வீட்டில் தங்க வேண்டும்.