கிராமத்து விடுதியில் 2 இரவு: படத்தில் தெரியாதது என்ன?

வெள்ளிக்கிழமை மாலை. சைனாடவுன் பீப்பல்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் மலேசியா பேருந்து டிக்கெட் விற்கும் கவுன்ட்டர். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஊர்ப் பெயர் எதையும் சொல்லவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த இடத்துக்கு எந்த பஸ்?" என்று கேட்டார்கள். படத்தில் ஒரு மரவீடு, வெள்ளைக் கொசுவலை, எனாமல் குவளையில் காப்பி, பின்னால் பச்சை.

அந்த மாதிரிப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாருக்காவது அனுப்பியும் இருப்பீர்கள்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி கேட்டான்: "அக்கா, இதுக்கு ஏன் பார்டர் தாண்டிப் போகணும்? இங்கேயே ஒண்ணு இல்லையா?"

நல்ல கேள்விதான். அதற்கான பதில் நிலத்தில் ஆரம்பிக்கிறது.

சிங்கப்பூரில் கிராமத்து விடுதி ஏன் இல்லை?

இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. கிராஞ்சியில் டி'கிராஞ்சி என்ற பெயரில் தொடங்கிய பண்ணை விடுதியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அது வில்லா, ஏர்கான், பார்பிகியூ பாணி. குடும்பத்தோடு போக நல்ல இடம். ஆனா அது கம்பம் இல்லை. மண்டாயில் 2025 ஏப்ரலில் திறந்த பனியன் ட்ரீ விடுதியில் 338 அறைகள், மர வீடுகள்கூட உண்டு. அது முழுக்க முழுக்கச் சொகுசு.

கிராமம் இருந்தால்தானே கிராமத்து விடுதி வரும்? இங்கே விவசாய நிலம் மொத்த நிலப்பரப்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதுவும் பண்ணையாளருக்குச் சொந்தமில்லை, குத்தகை. லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் குத்தகை நீட்டிக்கப்படாது, ராணுவப் பயிற்சிக்கு நிலம் தேவை என்று 2014-இல் அறிவித்தார்கள். பிறகு அவகாசம் கொடுத்தார்கள். புதிய நிலத்துக்கு முதலில் 10 ஆண்டுக் குத்தகை என்றார்கள், பண்ணையாளர்கள் குரல் கொடுத்த பிறகு 2017-இல் அது 20 ஆனது.

20 ஆண்டு என்பது கேட்க நீளமாக இருக்கும். ஆனால் ஒரு மாமரம் நன்றாகக் காய்த்து, அதன் நிழலில் ஒரு பழைய வீடு "பழைய வீடாக" ஆவதற்கு அது போதாது. நாம் தேடும் அந்தப் பழமை, யாரும் இடிக்காமல் விட்டுவைத்த காலத்திலிருந்துதான் வருகிறது. சிங்கப்பூரில் கிடைக்காதது அந்தக் காலம்தான்.

நியோ டியூ சாலைப் பக்கம் போனால் இது நன்றாகப் புரியும். அங்கே 1979-இல் கட்டிய ஒரு சின்ன வீவக குடியிருப்புப் பேட்டையே இருந்தது. 2002-இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அந்தக் கட்டடங்கள் ராணுவத்தின் நகர்ப்புறப் போர்ப் பயிற்சிக்குப் போயின. பக்கத்தில் லிம் சூ காங் சாலையையோ, ஆகாயப்படை போர் விமானங்களுக்கு ஓடுபாதையாக மாற்றிப் பயிற்சி செய்திருக்கிறது. நம் "கன்ட்ரிசைடு" அப்படி. கோழி கூவும், மேலே ஜெட் போகும்.

பண்ணைகள் சும்மா இருக்கவில்லை. 2000-இல் ஐவி சிங்-லிம் தம்பதி தொடங்கிய பாலிவுட் வெஜிஸ், உணவகமும் சுற்றுலாவும் நடத்தி ஆட்களை உள்ளே வரவைத்தது. 2005-இல் கிராஞ்சி கன்ட்ரிசைடு சங்கம் உருவானது. 1980களில் பன்றிப் பண்ணைகளை ஒழித்தபோது ஆட்டுப் பண்ணையாக மாறிய ஹே டெய்ரிஸுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருப்பார்கள், நினைவிருக்கிறதா? லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு நாம் செல்ஃபி எடுக்கும் மாடுகளுக்கும் இந்தத் தீவில் எங்கோ ஒரு தொழுவம் வேண்டும் இல்லையா?

ஆனால் அரசாங்கத்தின் கணக்கு உணவைப் பற்றியது, சூழலைப் பற்றியது அல்ல. நாம் சாப்பிடும் காய்கறியில் சுமார் 3 விழுக்காடுதான் இங்கே விளைகிறது. 2030-க்குள் 30 விழுக்காடு ஊட்டச்சத்துத் தேவையை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று 2019-இல் வைத்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். இப்போதைய இலக்கு 2035-க்கு: நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு. முட்டை, மீன், காளான், முளைப்பயறு. இதில் திண்ணை வைத்த வீட்டுக்கு இடம் எங்கே?

சரி, யாராவது தங்கள் வீட்டையே வாடகைக்கு விடலாமே?

விட முடியாது. தனியார் வீடுகளைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். வீவக வீடு என்றால் 6 மாதம். இரண்டு இரவுக்கு விடுவது சட்டவிரோதம், அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். 2018-இல் கூட்டுரிமை வீடுகளை ஏர்பிஎன்பி வழியாக விட்ட இரண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். விதியைத் தளர்த்தலாமா என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் யோசித்தது, 2019-இல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அக்கம்பக்கத்தாரின் நிம்மதி, பாதுகாப்பு என்பதுதான் காரணம். அடுக்குமாடியில் வாழ்கிறவர்களுக்கு இது நியாயமாகவே தெரியும். பக்கத்து வீட்டில் வாரம் ஒரு புது ஆள் பெட்டியோடு வந்தால் எனக்கும் பிடிக்காது.

அப்ப உபின்?

தம்பியின் அடுத்த கேள்வி இதுதான். சாங்கி பாயின்ட்டில் 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. தீவில் பெரிய தீவின் மின் இணைப்பு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பெரும்பாலும் கிணறும் ஜெனரேட்டரும்தான். ஒரு காலத்தில் கருங்கல் குவாரிகளை நம்பி சுமார் 2,000 பேர் வாழ்ந்த தீவு. இப்போது சில டஜன் பேர்.

உபின் வீடுகளைப் பார்க்கலாம். தங்குவது வேறு கதை. டெக் செங்ஸ் பிளேஸ் என்ற பழைய கம்பத்து வீட்டைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். அது எட்டிப் பார்க்க, படுக்க அல்ல. 2013-இல் உபினில் 22 குடும்பங்களுக்குப் போன ஒரு கடிதம் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. வெளியேற்றப் போகிறார்களோ என்று பயந்தார்கள். வெளியேற்றம் இல்லை, வாடகை உரிமம் தொடர்பானது என்று பிறகு விளக்கம் வந்தது. வீட்டுக்காரரே உரிமத்தில் வாழும் இடத்தில் விருந்தாளிக்கு அறை எப்படி விடுவார்? ஜெலுத்தோங், மாமாம் கடற்கரைகளில் கூடாரம் போடலாம். அவ்வளவுதான்.

ஆகவே எல்லை தாண்டுகிறோம். நானும் தாண்டினேன்.

நான் தங்கிய இடம்

இடத்தின் பெயர் வேண்டாம். ஜொகூரில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டம். இரவுக்கு 180 ரிங்கிட். "பாரம்பரியத் தோட்ட வாழ்க்கை அனுபவம்" என்று செயலியில் போட்டிருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு நிஜமாகவே இருட்டாக இருந்தது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இருட்டு என்றால் என்ன என்று தெரியாது, லிஃப்ட் லாபி விளக்கு எப்போதும் எரியும். முதல் இரவு வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யவில்லை. அதற்கே 180 ரிங்கிட் தகும்.

மற்றவை: குழாய்த் தண்ணீர் லேசான டீ நிறம். சுடுநீர்க் கருவி ஷாக் அடிக்குமோ என்ற பயத்தில் இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர்க் குளியல். கொசுவலையில் ஓட்டை, அதை யாரோ பேண்ட் எய்டு ஒட்டி மூடியிருந்தார்கள். காலை 5 மணிக்குப் பழக்குலை ஏற்றும் லாரி. காற்று திரும்பினால் ஆலை வாடை. படத்தில் இருந்த அந்தப் பச்சை, வயல் இல்லை. வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் செம்பனை. அதுவும் ஒரு தொழிற்சாலைதான், கூரை இல்லாத தொழிற்சாலை.

இதெல்லாம் பெரிய குறை இல்லை. கிராமம் என்றால் இப்படித்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு போகணும், அவ்வளவே. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

சமைத்துப் போட ஒரு ஆன்ட்டி மோட்டார் சைக்கிளில் வருவார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாவது நாள் ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "நீ படுத்திருக்கிற ரூமு எங்க மாமியார் ரூமும்மா."

அது பழைய ரப்பர் தோட்டத்து லயம். மூன்று வீடுகளை இடித்து ஒன்றாக்கி விடுதி ஆக்கியிருக்கிறார்கள். ஆன்ட்டி கல்யாணமாகி வந்த வீடு அதில் ஒன்று. மலேசியத் தோட்டங்களில் வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோதும், தோட்டம் கைமாறியபோதும், வீடமைப்புக்கு விற்றபோதும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் வெளியேறின. லயங்களில் குறைந்தபட்ச வசதி வேண்டும் என்று 1990-இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆன்ட்டி குடும்பம் இப்போது டவுனில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கிறது. நாளுக்கு 60 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, தான் வாழ்ந்த வீட்டிலேயே வந்து சமைக்கிறார். செயலியில் இருக்கும் பன்னிரண்டு படங்களில் அவர் இல்லை.

நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை, அதையும் சொல்லணும். "இதுல என்னம்மா அழகு? கூரை ஒழுகும். கக்கூஸுக்கு வரிசையில நிக்கணும். ராத்திரி அவசரம்னா டார்ச் லைட் எடுத்துட்டுப் போகணும்." டவுன் வீட்டில் டைல்ஸ் போட்டிருப்பதை இரண்டு தடவை சொன்னார்.

"ஆன்ட்டி, திரும்ப இங்கயே வந்து இருக்கச் சொன்னா வருவீங்களா?"

"வாடகை யாரு கட்டுறது? நீயா?" என்று சிரித்தார். நான் கொடுத்த இரண்டு இரவு வாடகை, அவருடைய ஆறு நாள் கூலி.

'ஹோம்ஸ்டே' என்றால் உண்மையில் என்ன?

மலேசியாவில் இந்தச் சொல்லுக்கு அதிகாரபூர்வ அர்த்தம் இருக்கிறது. 1995-இல் பகாங் மாநிலம் தெமர்லோ அருகே டேசா முர்னியில் அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் தொடங்கியது. சுற்றுலா அமைச்சில் பதிவு செய்த கிராமத்தில், ஒரு குடும்பத்தின் வீட்டில், அவர்களோடு தங்குவது. அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவது. பணம் அந்தக் குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் போகும் என்பது அடிப்படை எண்ணம்.

செயலிகளில் நாம் பார்க்கும் பெரும்பாலான "ஹோம்ஸ்டே" இது அல்ல. அங்கே சாவி ஒரு பெட்டியில் இருக்கும், சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது வாடகை வீடு. வாடகை வீட்டுக்கு வாடகை வீடு என்று பெயர் வைத்தால் போதும். பதிவு செய்த ஹோம்ஸ்டேயிலும் கஷ்டம் உண்டு: நேரத்துக்குச் சாப்பிடணும், தனிமை கிடைக்காது, வீட்டுப் பெரியவர் டிவி பார்த்தால் நீங்களும் பார்க்கணும். இன்ட்ரோவர்ட் ஆட்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம்

காரில் போனால் விஇபி அவசியம். 2025 ஜூலை 1 முதல் மலேசியா அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறது, இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் திட்டம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். அப்போது ஜொகூரின் உட்பகுதி விடுதிகளுக்குக் கூட்டம் கூடும், விலையும் கூடும் என்பது என் ஊகம். ஆனால் ரயில் உங்களை ஜொகூர் பாருவில்தான் இறக்கிவிடும். தோட்டத்துக்குப் போக வண்டி வேண்டும். திரும்பி வரவும் வேண்டும், அதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பதிவு செய்யும் முன் ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்: அந்த வீட்டில் இப்போது யார் வாழ்கிறார்கள்? சமைப்பது யார்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை பெய்தால் சாலை எப்படி? நேராகப் பதில் வந்தால் நல்ல இடம். வெறும் ஸ்மைலி வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பதிவு செய்த ஹோம்ஸ்டே ஒன்றில் இடம் கேட்டிருக்கிறேன். ஆன்ட்டியின் எண் என்னிடம் இருக்கிறது. போகிற வழியில் அவருடைய டைல்ஸ் போட்ட வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

தம்பி எல்லை தாண்டவில்லை. போன வாரம் நண்பர்களோடு மாமாம் கடற்கரையில் கூடாரம் போட்டான். நல்ல மழை. இரவு 2 மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது: "அக்கா, பவர்பேங்க் செத்துப்போச்சு. ஆனா செம்ம இருட்டு."