மேட்டு நிலத்தில் வீடு, பொறுப்பு யாருக்கு?

2024-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி உதகையை அடுத்த லவ்டேல் காந்தி நகரில் ஒரு வீட்டு வேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற பொதுக் கழிப்பறைக் கட்டடம் சரிந்தது. கூலி வேலைக்கு வந்திருந்த ஆறு பெண்கள் மாண்டனர். அரசாங்கம் குடும்பத்துக்குத் தலா 2 லட்சம் ரூபாய் அறிவித்தது. அது கருணைத் தொகை. சட்டப்படி சேரவேண்டிய நஷ்ட ஈடு வேறு.

அந்த நஷ்ட ஈட்டுக்கு, வேலைக்கு வைத்தவரே பொறுப்பு என்றது 1923-ம் ஆண்டுச் சட்டம். இன்று அது 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் 40 வயதுத் தொழிலாளி இறந்தால், கூலியில் பாதியை 184.17-ஆல் பெருக்க வேண்டும். 11 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. மண்வெட்டியும் சட்டியும் மட்டுமே சொத்தாக உள்ள மேஸ்திரி இதற்கு எங்கே போவார்?

தொழிலாகக் கட்டாமல் குடியிருக்கக் கட்டுகிற வீட்டுக்காரரை இச்சட்டம் பெரும்பாலும் தொடாது. ஆனால் அவர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. ஒரு நிலத்துக்கு அடுத்த நிலம் இயற்கையாகத் தரும் தாங்கலைப் பறிக்கக் கூடாது என்கிறது 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம். படிப்படியாக வீடுகள் நிற்கும் நீலகிரியில் இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

2021 ஏப்ரல் முதல் விற்பனையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிஸி மண்சரிவுக்கும் பணம் தரும். ஆனால் உங்கள் வீட்டுக்குத்தான். பிறருக்கு நேர்ந்த சேதத்துக்கு அல்ல. கட்டட வேலையாலும் தோண்டுதலாலும் நேரும் சரிவையும் அது விலக்கிவிடுகிறது! கண்ட்ராக்டர்கள் எடுக்கும் ‘ஆல் ரிஸ்க்’ பாலிஸி அண்டை அயலாரின் நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்ளும்; அவருடைய சொந்தத் தொழிலாளர்களுக்குத் தனிப் பாலிஸி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே விரிப்பதுதான் ‘குடை’ பாலிஸி. அடிப்படைப் பாலிஸியின் வரம்பு 10 லட்சம், கோர்ட்டு விதித்தது 25 லட்சம் என்றால், மீதி 15 லட்சத்தைக் குடை தாங்கும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் இதை வாங்குகின்றன. நம் நாட்டில் பெரும்பாலும் கம்பெனிகளே வாங்குகின்றன. அடியில் பாலிஸியே இல்லாதவருக்கு முதல் 10 லட்சம் சொந்தப் பணம்தான்.

ஆகவே குன்னூரில் வீடு கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது குடையை அல்ல, மேஸ்திரியின் தொழிலாளர் பாலிஸி நகலை. கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சதுர அடிக்குக் கூலியும் சற்று ஏறும்.