நம்மைக் கேட்காமல் நம் பேரில் சொல்லும் கணக்கு!



தேர்தல் வாடை அடித்தால் போதும், டிவியில் கருத்துக் கணிப்பு வந்துவிடுகிறது. நாடு யார் பக்கம்? அடுத்த பிரதமர் யார்? மக்கள் மனதில் எந்தப் பிரச்சனை முதலிடம்? வட்டம் போட்டு, கலர் அடித்து, இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாமும் பார்க்கிறோம். "அவங்கதான் வர்றாங்களாம்ல" என்று பேசிக்கொண்டே வயலுக்குப் போகிறோம்.

போகிற வழியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தச் சதவீதத்துக்குள்ளே நாம இருக்கோமா? நம்ம நெல்லு விலை, உர விலை, நகைக் கடன் வட்டி இதெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளே எங்கே இருக்கு?

எல்லாரையும் கேட்க முடியுமா?

"நூறு கோடிப் பேரையும் கேட்க முடியுமா? சிலரைக் கேட்டால் போதாதா?" என்பார்கள். போதும். அது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்னவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். ஆனால் அடியில் குழைந்து, மேலே அரிசியாக நிற்கிற பானையில் ஒரு பருக்கையை எடுத்துப் பதம் சொன்னால் சரியாகுமா?

மண் பரிசோதனைக்கு மண் எடுக்கிறோமே, எப்படி எடுக்கிறோம்? வரப்போரம் எடுக்கக்கூடாது. எருக்குழிப் பக்கம் எடுக்கக்கூடாது. மர நிழலில் எடுக்கக்கூடாது. வயலில் பல இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் பங்கு கால் பங்காகக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ அனுப்புகிறோம். அரைக் கிலோ மண் ஒரு வயலின் கதையைச் சொல்வது இப்படி எடுத்தால்தான். எருக்குழி ஓரம் ஒரு கை அள்ளி அனுப்பினால், "ஆகா, சத்தான மண்" என்று சீட்டு வரும். பயிர் மட்டும் வராது!

கருத்துக் கணிப்பும் இதே கணக்குத்தான். எத்தனை பேரைக் கேட்டாய் என்பதை விட, யாரை, எங்கே கேட்டாய் என்பதுதான் முக்கியம். இது நேற்று இன்று தெரிந்த விஷயமும் இல்லை. 1936-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ 24 லட்சம் பேரிடம் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ல் அவருக்கே வெற்றி. தப்பு எங்கே? விலாசங்களை டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். பஞ்ச காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவன் யார்? கஷ்டப்பட்டவன் பட்டியலிலேயே இல்லை. 24 லட்சம் பேரைக் கேட்டும் எருக்குழி ஓர மண்தான் கிடைத்தது.

ஒளிர்ந்த இந்தியாவும் இருண்ட கிராமமும்

நம் நாட்டுக்கு வருவோம். 2004-ல் "இந்தியா ஒளிர்கிறது" என்று ஊரெல்லாம் விளம்பரம். பெரும்பாலான கணிப்புகள் வாஜ்பாய் ஆட்சியே திரும்ப வரும் என்றன. அன்றைக்குத் தஞ்சை டெல்டாவில் தண்ணீர் இல்லாமல் குறுவை போய், சம்பாவும் காய்ந்து கிடந்தது. பக்கத்து ஆந்திராவில் விவசாயிகள் கடனுக்கு அஞ்சிப் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒளிர்ந்தது யாருக்கு?

2004 மே 13-ல் பெட்டியைத் திறந்தார்கள். காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. ஆட்சி மாறியது. கம்ப்யூட்டர் முதல்வர் என்று பேர் வாங்கிய சந்திரபாபு நாயுடுவின் கட்சி ஆந்திர சட்டசபையில் 294-க்கு 47 இடத்தில் வந்து நின்றது. தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரத்துக்கு 2003-ல் கட்டணம் விதித்த அ.தி.மு.க. அரசு, 39 தொகுதியில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதே மே மாதமே இலவச மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தது! எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை மறியல் செய்தோம், அப்போதெல்லாம் கேட்காத காது, ஓட்டு எண்ணியதும் கேட்டது.

இருபது வருஷம் கழித்தாவது பாடம் படித்தார்களா? 2024 ஜூன் 1 சாயங்காலம், கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடிந்ததும் எக்ஸிட் போல் என்று வந்தது. பெரும்பாலான கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன; சிலது 400 வரை போனது. ஜூன் 4-ல் வந்தது 293. பா.ஜ.க. தனியாக 240, பெரும்பான்மைக்கு 272 வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. கணிப்பை நம்பி ஜூன் 3-ம் தேதி மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு 2,507 புள்ளி ஏறியது. மறுநாள் ஓட்டு எண்ணியதும் 4,389 புள்ளி சரிந்தது. ஒரே நாளில் சுமார் 30 லட்சம் கோடி ரூபாய் மதிப்பு கரைந்தது. ஏறிய விலையில் விற்றவனுக்கு லாபம், நம்பி வாங்கியவனுக்கு நாமம். தப்பாகச் சொன்ன கணிப்புக்காரனுக்கு என்ன தண்டனை? ஒன்றும் இல்லை! நாம் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு ஒரு புள்ளி கூடினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறான். அவன் நூறு சீட்டுக் கூட்டிச் சொன்னாலும் அடுத்த தேர்தலுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறான்.

கேள்வியிலேயே பதில்!

ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு தந்திரம் என்றால், கேள்வியைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. "கஜானாவைக் காலி செய்யும் விவசாயக் கடன் தள்ளுபடி தேவையா?" என்று டவுன்காரரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். "மழை பொய்த்துப் பயிர் கருகியவனின் கடனைத் தள்ளலாமா?" என்று அதே ஆளைக் கேட்டால் தள்ளலாம் என்பார். ஆள் ஒன்று, கடன் ஒன்று, பதில் இரண்டு. கோயிலா மசூதியா, இந்தத் தலைவரா அந்தத் தலைவரா என்று நான்கு பதிலை எழுதி நீட்டினால் அந்த நான்கில் ஒன்றைத்தான் தொட முடியும். நெல்லுக்குக் கட்டுப்படியான விலை என்பது பட்டியலில் இல்லையென்றால், "விலையைப் பற்றி மக்கள் கவலைப்படவில்லை" என்று முடிவு எழுதிவிடுவார்கள்.

85.7 சதவீதம் வந்த கதை

மூன்று வேளாண் சட்டங்களை மறக்க முடியுமா? 2020 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். நவம்பர் 26-லிருந்து சிங்கு, திக்ரி, காசிப்பூர் என்று டெல்லி எல்லையில் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்து ஒரு குழு போட்டது. அந்தக் குழுவினர் ஏற்கெனவே சட்டத்தை ஆதரித்துப் பேசியவர்கள் என்று சொல்லி, போராடிய சங்கங்கள் அதன் முன்னால் போக மறுத்துவிட்டன.

2022 மார்ச்சில் குழு உறுப்பினர் ஒருவர் அறிக்கையை வெளியிட்டார். 73 அமைப்புகளிடம் கேட்டோம், அவற்றில் 61 சட்டத்தை ஆதரித்தன, அதாவது 85.7 சதவீத விவசாயிகள் ஆதரவு என்று கணக்கு. எப்படி வந்தது இந்தக் கணக்கு? ஒரு அமைப்பின் தலைவர் சொன்ன பதிலை, அந்த அமைப்பின் பேரில் உள்ள அத்தனை விவசாயிகளின் பதிலாக வைத்துப் பெருக்கினார்கள். 61 அமைப்பு, 3.3 கோடி விவசாயி! வீட்டுக்கு வீடு போய்க் கேட்டார்களா? ரோட்டில் ஒரு வருஷம் உட்கார்ந்தவன் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை! இணையதளத்தில் வந்த பதில்களிலும் விவசாயிகள் அனுப்பியது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

இவ்வளவு ஆதரவு இருந்திருந்தால் 2021 நவம்பர் 19-ல் பிரதமர் டிவியில் தோன்றி, சட்டங்களை வாபஸ் வாங்குகிறோம் என்று ஏன் சொன்னார்?

ஒழுங்காகக் கேட்டதும் உண்டு

கணிப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகக் கேட்டால் உண்மை வரும். 2003-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க 51,770 விவசாயக் குடும்பங்களை வீடு தேடிப் போய்க் கேட்டது. என்ன வந்தது தெரியுமா? வேறு வழி இருந்தால் விவசாயத்தை விட்டுவிடுவோம் என்றவர்கள் 40 சதவீதம். கடனில் இருந்த குடும்பங்கள் 48.6 சதவீதம், தமிழ்நாட்டில் 74.5 சதவீதம். குறைந்தபட்ச ஆதார விலை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் 29 சதவீதம்தான். பயிர்க் காப்பீடு ஒரு தடவையாவது செய்தவர்கள் வெறும் 4 சதவீதம்.

இது எதிரி சொன்ன கணக்கு இல்லை, அரசே எடுத்த கணக்கு! பிறகு 2018-19-ல் எடுத்தபோதும் பாதிக்கு மேல், 50.2 சதவீதக் குடும்பங்கள் கடனில்தான். சராசரிக் கடன் 74,121 ரூபாய். குடும்பத்தின் மாத வருமானம் 10,218 ரூபாய். இந்த எண்ணை எந்த டிவியாவது வட்டம் போட்டு, கலர் அடித்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டியதா? உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்று சுவாமிநாதன் கமிஷன் 2006-ல் சொன்னதே, அதை ஒரு நாள் விவாதத்துக்கு வைத்ததா?

கேட்காமலே சொல்வது ஒரு மோசடி. கேட்டுத் தெரிந்த பிறகும் மூடி வைப்பது அதைவிடப் பெரிய மோசடி.

நாம் என்ன செய்வது?

2009-ல் திருத்திய சட்டப்படி, ஓட்டுப்பதிவு எல்லாக் கட்டமும் முடிகிறவரை எக்ஸிட் போல் வெளியிட்டால் இரண்டு வருஷம் வரை சிறை. தேர்தலுக்கு முந்தைய கருத்துக் கணிப்புக்கோ கடைசி 48 மணி நேரம் மட்டும்தான் தடை. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். ஆகவே நாம் கோருகிறோம்:

1. கணிப்பு வெளியிடுகிறவர்கள், யார் பணம் கொடுத்தது, எத்தனை பேரைக் கேட்டது, அதில் கிராமத்தில் எத்தனை, பெண்கள் எத்தனை, கேட்ட கேள்வி என்ன என்பதைச் சேர்த்தே வெளியிடச் சட்டம் வேண்டும்.

2. அரசு எடுக்கும் விவசாயக் குடும்ப ஆய்வுகளைக் காலத்தோடு எடுத்து, தமிழில் அச்சடித்து ஊராட்சிக்கு ஊராட்சி அனுப்ப வேண்டும்.

3. சுவாமிநாதன் கமிஷன் சொன்ன விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நடக்காது. நம்ம கணக்கை நாமே எடுப்போம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே கேள்வி: போன போகம் செலவு எவ்வளவு, விற்றது எவ்வளவுக்கு, கடன் எவ்வளவு, யாரிடம்? அப்போது ஒன்றை மறக்காதீர்கள். பட்டா வைத்திருக்கிறவரை மட்டும் கேட்டு நிறுத்திவிடக்கூடாது. குத்தகைக்காரரைக் கேளுங்கள். ஊரில் கேட்ட மாதிரியே காலனியிலும் கேளுங்கள். நாற்று நடுகிற, களை எடுக்கிற பெண்களை, வீட்டு ஆம்பளை பதில் சொல்லாமல், அவர்களையே கேளுங்கள். இல்லாவிட்டால் டிவிக்காரன் செய்த அதே தப்பை நாமும் செய்தவர்கள் ஆவோம்.

எடுத்த கணக்கைக் கிராம சபைக்குக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு நாள் நமக்கு உண்டு. "கூட்டம் போடுறான், கையெழுத்து வாங்குறான், கலைஞ்சு போறான்" என்று அலுத்துக்கொண்டு வீட்டில் இருந்தது போதும். எழுந்து நின்று எண்ணை வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஊராட்சித் தீர்மானத்தைக் குப்பையில் போடலாம். ஒரு மாவட்டத்தின் அத்தனை ஊராட்சியும் ஒரே தீர்மானம் போட்டால் எந்தக் கலெக்டர், எந்த எம்.பி. பார்க்காமல் இருக்க முடியும்?

நாளைக்கு யாராவது மைக்கை நீட்டி, "ஐயா, நாடு யார் பக்கம்?" என்று கேட்டால், முதலில் திருப்பிக் கேளுங்கள்: "நெல்லு விலையைக் கேட்டியாப்பா?"

கேட்காமல் எங்கள் பேரில் சொல்லாதே!
கேட்ட கணக்கை மூடி மறைக்காதே!
வீடு வீடாய்க் கணக்கெடுப்போம்! கிராம சபையில் முழங்குவோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!