ஆண் குட்டி இருக்கா?

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும் நாய்க்குட்டி தத்து முகாம்களில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவள் நான். ஐந்து வருடமாக இதே வேலை. தடுப்பூசி போட்டாச்சா, என்ன சாப்பிடும், எத்தனை நாள் குட்டி என்பதெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வரும் கேள்வி ஒன்றேதான்: "ஆண் குட்டி இருக்கா?"

சிலர் கேட்பதுகூட இல்லை. கூடைக்குள் கையை விட்டு, கண்ணில் பட்ட குட்டியைத் தூக்கி, மல்லாக்கப் புரட்டி அடிவயிற்றைப் பார்ப்பார்கள். முகம் மலர்ந்தால் அது ஆண். பேசாமல் திரும்பக் கூடைக்குள் வைத்தால் அது பெண். மதியம் மேசையை மடக்கும் நேரத்தில் கூடையில் மிச்சம் கிடப்பவை பெரும்பாலும் பெண் குட்டிகள்தான்.

"நாய்க்குட்டியிலுமா பெண்ணியம் பேசுவீர்கள்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. பேசத்தான் வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

பெண் குழந்தை வேண்டாம் என்று இன்று யாரும் வெளியில் சொல்வதில்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1994-ல் வந்தது. ஸ்கேன் எடுக்கும் இடத்திலெல்லாம் அதற்கான பலகை தொங்குகிறது. இத்தனைக்கும் பிறகு நாம் ஒரு நாகரிகத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். "எதுவா இருந்தா என்ன, நல்லபடியா பொறந்தா போதும்" என்று சொல்லப் பழகிவிட்டோம். நாய்க்குட்டிக் கூடைக்கு அப்படி எந்தப் பலகையும் கிடையாது. அதற்கு முன்னால் நிற்கும்போது நம் வாய்க்குக் கடிவாளம் இல்லை. மற்ற இடங்களில் மறைத்துப் பேசக் கற்றுக்கொண்ட வீடு, இங்கே உள்ளதை உள்ளபடி பேசுகிறது. "ஏற்கெனவே வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இதுவும் பொட்டையா?" என்று ஒரு தகப்பனார் தம் இரண்டு மகள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவள் காதிலும் அது விழுந்தது.

நாய்க்குட்டியையும் பெண் சிசுவையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் கள்ளிப்பால் கொடுத்துக் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அது அவமரியாதை. இரண்டு இடத்திலும் சொல்லப்படும் காரணங்கள் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பதுதான் நான் சொல்வது. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சொற்கள். ஆண் குட்டி என்றால் "பையன்". "பையன்தானே மேடம்?" என்று ஆசையாகக் கேட்பார்கள். பெண் குட்டியைப் "பொண்ணு" என்று அழைப்பவர் அபூர்வம். அது "பொட்டை". பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று பெண்களின் வாயை அடைத்த அதே சொல். ஒரு ஆணை அவமானப்படுத்தவும், திருநங்கைகளைத் தெருவில் வைத்து இழிவுபடுத்தவும் எடுத்து வீசுகிற அதே சொல். ஆண் குட்டிக்கு உறவுமுறை கிடைக்கிறது. பெண் குட்டிக்கு வசை கிடைக்கிறது. குட்டி இன்னும் கண்ணைக்கூடச் சரியாகத் திறந்திருக்காது.

அடுத்து, "குட்டி போடும்" என்ற காரணம். உண்மைதான். பெண் நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும், பெரிய இனங்கள் இன்னும் தாமதமாக வரும். பெரும்பாலான நாய்கள் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினையானால் சுமார் 63 நாளில் குட்டி போடும். இவ்வளவும் சரி. ஆனால் "குட்டி போடும்" என்கிற வாக்கியத்தில் ஆண் நாய் எங்கே? ஒரு பெண் நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கு மேல் ஈனுவதில்லை. அவிழ்த்துவிட்ட ஆண் நாய் ஒரே பருவத்தில் பல தெருக்களில் குட்டிகளுக்குத் தகப்பனாக முடியும். கணக்குப் பார்த்தால் ஒரே வருடத்தில் அதிகக் குட்டிகளுக்குக் காரணமாகக்கூடியவன் அவன்தான். அந்தக் குட்டிகள் அவன் வீட்டு வாசலில் பிறப்பதில்லை, அதனால் அவன் கணக்கில் ஏறுவதில்லை.

பிறகு ரத்தம். பருவம் மூன்று வாரம்வரை இருக்கும். அதில் ஒரு வாரம், பத்து நாள் ரத்தம் கசியும். "சாமி ரூம் இருக்கு, தீட்டுப்படும்" என்பார்கள் பெரியவர்கள். அறுவை சிகிச்சை செய்துவிட்டால் பருவமும் வராது, ரத்தமும் வராது, குட்டியும் வராது என்று பொறுமையாகச் சொல்வேன். செலவில்லாமல் செய்ய நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றும் சொல்வேன். கேட்டுக்கொண்டு, "இருந்தாலும் பொட்டை பொட்டைதானம்மா" என்று நகர்ந்துவிடுவார்கள். சொன்ன காரணம் முழுவதும் தீர்ந்த பிறகும் வேண்டாம் என்பது அப்படியே நிற்கிறது என்றால், அந்தக் காரணம் ஒரு சாக்குதான்.

மூன்றாவது, மானம். "ஆண் நாயெல்லாம் வந்து வாசல்ல நிக்கும் மேடம், அசிங்கம்." ஒரு பெண் நாய் கேட்டுக்கு உள்ளே படுத்திருக்கிறது. ஏழெட்டு ஆண் நாய்கள் வெளியே நிற்கின்றன, குரைக்கின்றன, ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. அசிங்கம் உள்ளே இருப்பவளுடையதாம். வெளியே நிற்பவற்றில் இரண்டு மூன்றின் கழுத்தில் பட்டை இருக்கும். அவை யார் வீட்டுப் பையன்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் ஊரில், அந்த நெருப்பைப் பற்றவைப்பவனைப் பற்றிப் பேச்சே வராது. கல்லூரி விடுதியில் ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப்படும் விதியும் இந்த வாசல் கணக்கில் போட்டதுதான்.

நான்காவது, காவல். "ஆண் நாய்தான் நல்லாக் காவல் காக்கும்." காவல்துறையின் துப்பறியும் நாய்ப் படைகளில் பெண் நாய்களும் வேலை செய்கின்றன. நாய் காவல் காப்பது இனத்தையும் வளர்ப்பையும் பழக்கத்தையும் பொறுத்தது. நம் தெருவில் புது ஆள் நுழைந்ததும் முதலில் எழுந்து குரைப்பது பெரும்பாலும் குட்டிகளை வைத்திருக்கும் தாய் நாய். அதை நாம் காவல் என்று சொல்வதில்லை, தொந்தரவு என்கிறோம்.

ஆண் நாயால் தொல்லையே இல்லையா? பருவமடைந்த ஆண், வண்டி டயரிலும் தூணிலும் சில சமயம் சோபா காலிலும் மூத்திரம் அடித்து எல்லை குறிக்கும். பெண் நாயின் வாசம் பிடித்துவிட்டால் சுவர் ஏறிக் குதிக்கும், இரண்டு நாள் கழித்துக் காது கிழிந்து வரும். புணர்ச்சியில் பரவும் கட்டியோடு வரும். ரிங் ரோட்டில் அடிபட்டு வராமலும் போகும். இவ்வளவையும் ஒரே வரியில் மன்னித்துவிடுகிறோம்: "ஆம்பள நாய் அப்படித்தான்." பெண்ணின் இயல்பு வீட்டுக்குச் சுமை, ஆணின் இயல்பு வெறும் இயல்பு.

இந்தப் பாகுபாடு பட்டவர்த்தனமாகத் தெரியும் இடம் அறுவை சிகிச்சை மேசை. ஆண் நாய்க்கு விதைப்பைகள் வெளியில் இருப்பதால் சிறிய கீறல் போதும், காயம் சீக்கிரம் ஆறும். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டும். எங்கள் படிவத்தில் ஆணோ பெண்ணோ இரண்டுக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்குகிறோம். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டால் பெண் குட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். ஆண் குட்டி எடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தால், "அவனுக்கு எதுக்கு மேடம், அவன் என்ன குட்டியா போடப்போறான்? பாவம், ஆம்பளத்தனம் போயிடும்" என்கிறார்கள்.

இது நாய்களோடு நிற்கவில்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். ஆண் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருக்கும் தம்பதிகள் 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்து குறைவு, மனைவியின் வயிற்றைத் தொடவே வேண்டாம் என்று மருத்துவம் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கத்தி பெண் மேல்தான் இறங்குகிறது. நாய்க்காகப் போனில் பேசிய வாய்தான் வீட்டிலும் பேசியிருக்கிறது.

பெண் நாயைத் தேடிப்பிடித்த இடங்களும் உண்டு. 1957-ல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட லைகா, மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட பெண் நாய். கால் தூக்காமல் சிறுநீர் கழிக்கும், சிறிய கூண்டுக்குள் கழிவை வாங்கும் கருவியைப் பொருத்துவது சுலபம் என்பதால் சோவியத் விஞ்ஞானிகள் பெண் நாய்களையே எடுத்தார்கள். லைகாவைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை. நம் ஊரில் பெண் குட்டிக்கு மதிப்புள்ள இடம், குட்டி விற்கும் வியாபாரியின் கொட்டடி. அங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் சினைபிடிக்கவைத்து, மடி வற்றியதும் ஏதாவது நெடுஞ்சாலையில் இறக்கிவிடுகிறார்கள். இன நாய்கள் தெருவில் குழம்பித் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல தாய்கள் அப்படி வந்தவை. வீட்டுக்கு வேண்டாம், உபயோகத்துக்கு வேண்டும் என்பதே இங்கே பெண் உடலுக்கு வைத்த விலை.

எனக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நியாயத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அதைச் சொல்பவர்கள் பெண்கள். "அக்கா, ரத்தத்தை யாரு துடைக்கிறது? நான்தான். குட்டி போட்டா யாரு பார்க்கிறது? நான்தான். எனக்கே முடியல." நாய் வேண்டும் என்று அடம்பிடிப்பது பிள்ளைகள், படம் எடுத்துப் போடுவது கணவர், சோறு கிளறி வைத்துப் பீ அள்ளுவது அம்மா. இந்தப் பெண்கள் பெண் குட்டியை வெறுத்து மறுக்கவில்லை. இன்னொரு வேலை தங்கள் தலையில் விழும் என்று தெரிந்து மறுக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: மறுக்க வேண்டியது குட்டியை இல்லை, வேலையை. துடைப்பத்தை யார் எடுப்பது என்று முடிவாகாத வீட்டுக்கு ஆண் குட்டியும் போக வேண்டாம். அவன் மூத்திரத்தையும் நீங்கள்தான் கழுவப்போகிறீர்கள்.

கூடையில் மிச்சமாகும் குட்டிகளையாவது நாங்கள் திரும்ப எடுத்துப்போகிறோம். முகாமுக்கே வராத பெண் குட்டிகள் அதிகம். வீட்டு நாய் ஈன்றதும் ஆணை வைத்துக்கொண்டு, பெண்களைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையிலோ மார்க்கெட் பின்னாலோ விட்டுவிடுகிறார்கள். பிழைத்தது ஒரு வருடத்தில் தெருவில் தாயாகும். குட்டிகளைக் காக்க வண்டிகளைத் துரத்தும். உடனே மனு எழுதுவார்கள். 2025 ஆகஸ்டில் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது தேநீர்க்கடைவரை எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. கடிபட்டவர்களின் வலியும் பயமும் உண்மை. ஆனால் இத்தனை பெண் நாய்கள் தெருவுக்கு எப்படி வந்தன, யார் கையால் வந்தன என்ற கேள்வியை நான் எங்கும் கேட்கவில்லை.

மகாபாரதத்தின் முடிவில் தருமனோடு நடக்கும் நாயை எல்லோருக்கும் தெரியும். அதே காவியத்தின் ஆதி பருவத்தின் தொடக்கத்தில் வரும் சரமையைத் தெரிந்தவர்கள் குறைவு. ஜனமேஜயனின் தம்பிகள் வேள்விச்சாலையில் அவள் குட்டியை அடித்து விரட்டுகிறார்கள். தாய் நாய் நேரே அரசன் முன் வந்து, என் பிள்ளை என்ன தப்பு செய்தான் என்று கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை. அவள் சபிக்கிறாள், அரசன் நடுங்குகிறான். நியாயம் கேட்ட பெண் நாயை மறந்துவிட்டு, பின்னாலேயே நடந்துவந்த நாயை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு: அடுத்த முறை உங்கள் வீட்டில் நாய்க்குட்டிப் பேச்சு வரும்போது, "ஆண் குட்டியா பாத்து எடு" என்று யாராவது சொல்வார்கள். ஏன் என்று கேளுங்கள். ரத்தம் என்றால், ஆறு மாதம் வாக்கில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் சமயத்தில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லுங்கள். அது கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும், மடிக்கட்டி வரும் வாய்ப்பையும் குறைக்கும். ஆண் குட்டிதான் வருகிறது என்றால், அவனுக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள். யார் குளிப்பாட்டுவது, யார் பீ அள்ளுவது என்று குட்டி வருவதற்கு முன்பே பெயர் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் அம்மா பெயர் மட்டும் இருந்தால் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் "இருந்தாலும் பொட்டை பொட்டைதானே" என்று யாராவது சொன்னால், அவர் நாயைப் பற்றிப் பேசவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான பதிலை நாய்க்காக மட்டும் சொல்லாதீர்கள்.