யாருக்கு வயசாச்சு?

திண்ணை, பித்தளைக் கூஜா, ஆட்டுக்கல், முற்றத்து ஊஞ்சல்... பழைய சாமான்களைப் பட்டியல் போட்டு, "நமக்கெல்லாம் வயசாயிடுச்சு" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அதென்ன 'நமக்கு'? அந்தத் திண்ணையில் எங்க தாத்தனை உட்கார விட்டீங்களா? அந்த முற்றத்தை எங்க பாட்டி கூட்டினாள். ஊஞ்சலில் ஆடினது யார்?

எங்களுக்கும் பழைய சாமான்கள் உண்டு. டீக்கடைக் கூரையில் செருகி வைத்த சிரட்டை. ஊர்த்தெரு வந்ததும் கழற்றிக் கையில் பிடித்த செருப்பு. எடுப்புக் கக்கூஸ் வாளியும் தகரமும். உங்க பட்டியலில் இதெல்லாம் ஏன் இல்லை?

1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. சிரட்டை போச்சு, தனிக் கிளாஸ் வந்தது. தனிக் கிளாசை எதிர்த்துக் கேட்டோம். குடிச்சிட்டுத் தூக்கியெறிகிற கப்பை எங்களுக்கு மட்டும் நீட்டினார்கள். சாமான் மாறுது, சாதி மாறலே. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். அது போதாதென்று 2013இல் இன்னொன்று. இன்றைக்கும் சாக்கடைக் குழிக்குள் மூச்சுமுட்டிச் சாகிறவன் எந்தத் தெருக்காரன்?

பழசு பழசாகிப் போனவர்களுக்குத்தான் ஏக்கம் வரும். எங்க பழசு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மியூசியத்தில் கூஜாவை வைக்கிறவர்களே, பக்கத்தில் சிரட்டையையும் வையுங்கள். எங்க பேத்தி அதைப் பார்த்து, "இது எதுக்கு ஆத்தா?" என்று நெசமாவே விளங்காமல் கேட்கணும். அன்னைக்கு எங்களுக்கு வயசாகட்டும். சந்தோசமாக் கிழடாகிறோம்.