கந்தையும் கலையும்

கிழிந்த துணியைக் கண்டால் முகம் சுளிப்பது உலக இயல்பு. கந்தை என்னும் சொல்லே வறுமையின் மறுபெயராக நம்மிடையே வழங்குகிறது. ஆயினும், அக்கந்தையைக் கொண்டே கலைச்செல்வம் படைத்து, பெரிய கலைக்கூடங்களில் தம் கைவண்ணம் இடம்பெறக் கண்ட பெண்மக்கள் உளர். அவர்கள் ஓவியப் பள்ளியில் பயின்றவரல்லர். பருத்திக் காட்டில் உழைத்தவர். கழித்த துணியைக் கலைப்பொருளாகவும் புத்தாடையாகவும் மாற்றுவது இன்று பல நாடுகளில் பெருமையாகப் பேசப்படுகிறது. அவ்வாறு பேசுவோர் அப்பெண்களின் வரலாற்றை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து. துணியை மீட்டால் மட்டும் போதாது; மீட்ட கைக்கு உரிய பங்கு சேரவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது போலியே.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே அதே பெயருடைய ஆறு ஒன்று வளைந்து வளைந்து ஓடுகிறது. ஓரிடத்தில் அது ஓர் ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்து, ஏறக்குறையத் தீவாகவே ஆக்கிவிடுகிறது. அவ்வூரின் பெயர் ஜீஸ் பெண்டு. ஜீ என்பாரின் ஆற்று வளைவு என்பது அதன் பொருள். 1816ஆம் ஆண்டில் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845ஆம் ஆண்டில் அப்பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. நிலத்தோடு, அங்கிருந்த கறுப்பின அடிமைகளும் கைமாறினர். உடையவன் பெயரை அடிமைக்கும் சூட்டிய கொடிய வழக்கத்தின் தடமாக, அவ்வூரில் இன்றும் பலருக்குப் பெட்வே என்பதே குடும்பப் பெயர். இப்பாடத்தில் அப்பெயரை மீண்டும் காணும் மாணவர் அதற்குரிய காரணத்தை நினைவிற் கொள்க.

அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. நிலமோ உழுதவர்க்கு வரவில்லை. குத்தகைக்கு உழுது, விதையும் உணவும் கடனாகப் பெற்று, அறுவடையில் அக்கடனைத் தீர்ப்பதே அவர்தம் வாழ்வாயிற்று. பருத்தி விலை வீழ்ந்தபோது கடன் வளர்ந்தது. 1932ஆம் ஆண்டில், கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்துவிட, அவர் மனைவியார் கடனுக்கு ஈடாக ஊராரின் உடைமைகளைக் கைப்பற்றச் செய்தார். உழுகருவிகளும் வண்டிகளும் கால்நடைகளும் சேர்த்து வைத்த தானியமும் போயின. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவு அவர்களின் உயிரைக் காத்தது. பின்னர், 1930களின் பிற்பகுதியில், நடுவண் அரசு அந்நிலத்தை வாங்கிக் குடியானவர்கள் உடைமையாக்கிக்கொள்ள வழிசெய்தது.

மரப்பலகை வீடுகளின் இடுக்குகளில் குளிர்காற்றுப் புகுந்தது. அதைத் தடுக்கச் சுவர்களில் செய்தித்தாள் ஒட்டினர். உடலைக் காக்க ஒட்டுப்போர்வை தைத்தனர். ஆங்கிலத்தில் குவில்ட் என்று வழங்கும் இப்போர்வை மூன்று அடுக்கு உடையது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையே பஞ்சு; மூன்றும் பிரியாதிருக்க நெடுகிலும் தையல். கடையில் புதுத்துணி வாங்கக் காசு ஏது? குடும்பத்தார் உடுத்துத் தேய்ந்த வேலை உடைகளையும், மாவும் உரமும் வந்த பைகளையும் பிரித்து, வெட்டி, இணைத்து மேல்துணி ஆக்கினர். பருத்திக்கொட்டை நீக்கும் ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த பஞ்சைக் கூட்டி எடுத்து வந்து உள்ளே வைத்தனர். மேல்துணியை ஒருத்தி தனித்திருந்து தன் கருத்துப்படி அமைப்பாள். அதனை மரச்சட்டத்தில் விரித்து மூன்றடுக்கையும் தைக்கும்போதோ அண்டை வீட்டாரும் வந்து சூழ்ந்து அமர்வர்.

வேலை உடைகள் பெரும்பாலும் டெனிம் என்னும் தடித்த நீலத்துணியால் ஆனவை. வெயிலும் வியர்வையும் வெளுப்பும் பட்டு அந்நீலம் மங்கும். ஆனால் சட்டைப்பையைப் பிரித்து எடுத்தால், அதன் அடியில் மறைந்திருந்த பகுதி மட்டும் புதியதுபோல் கருநீலமாக நிற்கும். முழங்கால் படும் இடமோ தேய்ந்து வெண்மையாகும். இவற்றை அப்பெண்கள் மறைக்க முயலவில்லை. எந்தத் துண்டின் பக்கத்தில் எந்தத் துண்டு இருந்தால் நிறம் எழும்பும் என்று கண்ணால் அளந்து வைத்தனர். சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக அடுக்கிக்கொண்டே செல்லும் ஓர் அமைப்பிற்குக் கூரை என்னும் பொருள்பட ஹவுஸ்டாப் எனப் பெயரிட்டனர். கோடு சிறிது கோணுவதும், எதிர்பாராத இடத்தில் ஒரு சிவப்புத் துண்டு தலைகாட்டுவதும் அறியாமையால் நேர்ந்தவை என்று எண்ணற்க. இசை வல்லான் ஒருவன் பண்ணின் எல்லைக்குள் நின்றே புதிது புதிதாகப் பாடுவது போன்றது அது.

மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி 1942ஆம் ஆண்டில் தைத்த போர்வை ஒன்று உண்டு. அவர் கணவர் அதற்குச் சற்று முன்னர் இறந்திருந்தார். மனைவி தம் மூத்த மகளை அழைத்து, தந்தையின் வேலை உடைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். அவற்றால் ஒரு போர்வை செய்து, அவரை நினைந்து, அன்போடு அதனைப் போர்த்துக்கொள்ளப் போவதாகக் கூறினார். அந்த மகள் ஆர்லோன்சியா பெட்வே முதுமையில் இதனை எடுத்துரைத்திருக்கிறார். நீலமும் சாம்பலுமாகத் தேய்ந்த கால்சட்டைத் துணிகள் நீண்ட பட்டைகளாக அப்போர்வையில் அமைந்துள்ளன. இன்று அது வாஷிங்டன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இறந்தாரை நினைவூட்டக் கல் நடுவார் உண்டு. உடுத்த துணியையே நினைவுச் சின்னமாக்கிய இச்செயல் என் உள்ளத்தை அதனினும் உருக்குகிறது.

1960களில் கறுப்பின மக்கள் வாக்குரிமை வேண்டிப் போராடினர். ஜீஸ் பெண்டு மக்கள் பதிவு செய்துகொள்ள ஆற்றைக் கடந்து கேம்டன் என்னும் நகருக்குச் செல்லத் தலைப்பட்டனர். 1962ஆம் ஆண்டில் அத்துறையில் ஓடிய படகு நிறுத்தப்பட்டது. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊரை அடைய நெடுந்தொலைவு சுற்ற வேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடியது 2006ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை 44 ஆண்டுகள்! 1965ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து மக்களுக்கு ஊக்கமளித்தார். வாக்குரிமை கேட்டமையால் சுற்றுவட்டாரத்தில் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். அந்நிலையில், 1966ஆம் ஆண்டில், பெண்கள் கூடி விடுதலைத் தையற் கூட்டுறவு என்று பொருள்படும் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். போர்வைகள் நியூயார்க் நகரில் விலைபோயின. சங்கம் நிலம் வாங்கி, வீடிழந்த குடும்பங்களுக்கு மனைகளாக அளித்தது. கந்தையைத் தைத்த ஊசி மனை வாங்கித் தந்தது!

எனினும், வணிகத்தோடு ஒரு கட்டுப்பாடும் வந்தது. பெரிய கடைகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்க வேண்டும் என்றன. 1972ஆம் ஆண்டில் சியர்ஸ் என்னும் நிறுவனத்திற்காகத் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. கார்டுராய் என்னும் வரிவரியான துணியில், நிறுவனம் சொன்ன அளவில், சொன்ன வடிவில் தைக்க வேண்டும். அங்கே அவர்தம் கற்பனைக்கு வேலை இல்லை. ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். பொன்னிறமும் இலைப்பச்சையும் செந்நிறமுமான அத்துண்டுகளால் தம் மனம்போல் போர்வைகள் தைத்தனர். அவ்வுறைகள் என்னவாயின என்று இன்று கேட்பாரில்லை. கழிவில் பிறந்த கார்டுராய்ப் போர்வைகளோ கலைக்கூடச் சுவர்களை அணிசெய்தன.

2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலைக்கூடத்தில் ஜீஸ் பெண்டுப் போர்வைகளின் கண்காட்சி நடைபெற்றது. பின்னர் நியூயார்க்கில் உள்ள விட்னி கலைக்கூடத்திலும், வேறு பல நகரங்களிலும் மக்கள் அவற்றைக் கண்டு வியந்தனர். திறனாய்வாளர் அவற்றைப் புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகளோடு ஒப்பிட்டனர். (ஓவியரை இப்பெண்களோடு ஒப்பிட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.) 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்துறை 10 போர்வைகளின் படங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வந்ததா? 2007ஆம் ஆண்டில் போர்வைக் கலைஞர் மூவர் நீதிமன்றம் சென்றனர். போர்வைகளை வாங்கிப் புகழ் பரப்பிய சேகரிப்பாளர் குடும்பத்தார், தமக்கு உரிய தொகை தரவில்லை என்பது அவர்கள் முறையீடு. எதிர்த்தரப்பார் அதை மறுத்தனர். 2008ஆம் ஆண்டில் இருதரப்பாரும் உடன்பாட்டிற்கு வந்தனர். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஒன்று மட்டும் தெளிவு. போர்வை ஒரு முறை விற்கப்படுகிறது. அதன் வடிவமோ விரிப்பிலும் குவளையிலும் நூலிலும் பல்லாயிரம் முறை விற்கப்படலாம். அந்த வடிவத்திற்கு உரியவர் யார்? நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு; கைவண்ணத்திற்கு எல்லைக்கல் நட நாம் இன்னும் நன்கு கற்றுக்கொள்ளவில்லை.

2024ஆம் ஆண்டில் டார்கெட் என்னும் பெருங்கடை, அவ்வூர்ப் பெண்கள் ஐவரின் வடிவங்களைக் கொண்ட ஆடைகளையும் வீட்டுப் பொருள்களையும் சிலகாலம் விற்றது. அவர்தம் பெயர்களும் படங்களும் நாடெங்கும் அறிமுகமாயின. அது நன்றே, அதனை நான் குறை கூறேன். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஒருமுறை வழங்கும் தொகை, விற்பனையில் பங்கன்று. அப்பொருள்களிலோ பழந்துணி ஒரு முழமும் இல்லை. புதுத்துணியில் பழந்துணியின் தோற்றம் மட்டும் இருந்தது. ஒட்டுப்போடாத துணியில் ஒட்டின் படத்தை அச்சிடுவது எதற்கு? எந்தக் கந்தை அதனால் குப்பைமேட்டிலிருந்து மீண்டது?

தோற்றத்தை மட்டும் விரும்பும் இவ்வேட்கை ஓரிடத்தில் உயிரையே குடித்திருக்கிறது. உழைப்பால் மங்கிய நீலத்துணியின் அழகை உழைக்காமலே பெற விரும்பினர் சிலர். அவர்களுக்காகத் தொழிற்சாலைகளில் புதிய டெனிம் உடைகளின்மீது மணலை விசையோடு பாய்ச்சி வெளுக்கச் செய்தனர். அந்த மணற்றூள் தொழிலாளரின் நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் என்னும் தீராநோயைத் தந்தது. துருக்கி நாட்டில் இளைஞர் பலர் அந்நோயால் மாண்டனர். அந்நாடு 2009ஆம் ஆண்டில் அம்முறையைத் தடைசெய்தது. வயலில் குனிந்து நிமிர்ந்து தேய்ந்த ஒரு முழங்கால் துணியின் வெண்மையைப் பொய்யாகச் செய்ய ஓர் உயிர் விலையா?

ஒட்டுப்போர்வையால் உலகின் துணிக்குப்பை தீர்ந்துவிடுமா என்று சிலர் வினவலாம். தீராது. ஆடைக்கெனப் பயன்படும் பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட மீண்டும் ஆடையாவதில்லை என்று 2017ஆம் ஆண்டில் வெளியான எல்லன் மக்கார்தர் அறக்கட்டளையின் அறிக்கை கூறுகிறது. அத்துணை பெரிய குவியலை ஊசி கொண்டு கரைக்க இயலாது. குறைவாக நெய்வதும், குறைவாக வாங்குவதும், நெடுநாள் உடுத்துவதுமே அதற்கு மருந்து. அப்பெண்களும் குப்பையைக் குறைக்கப் போர்வை தைத்தாரல்லர், குளிருக்குத் தைத்தனர். ஆனால் துணியை அவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பது நமக்கு வேண்டும். பருத்தியை விதைத்து, களை பறித்து, வெயிலில் எடுத்த கை அது. ஒரு முழத் துணியில் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அந்தக் கை அறியும். அதனால் எறிய மனம் வரவில்லை. துணி எங்கிருந்து வந்தது என்று அறியாத நமக்கு எறிதல் எளிதாக இருக்கிறது.

2021ஆம் ஆண்டு முதல் அவ்வூர்ப் பெண்கள் பலர் இணையத்தில் தாமே கடை நடத்தி, தாமே விலை குறித்து விற்று வருகின்றனர். முற்காலத்தில் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. இளவேனிலில் எல்லா வீட்டாரும் போர்வைகளைக் கொடியில் காயவிடுவர். பெண்கள் தெருவழியே நடந்து, பிறர் போர்வைகளைக் கண்டு, புதிய அமைப்புகளைக் கற்றுக்கொள்வர். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பழக்கத்தின் பெயரால் ஒரு விழாத் தொடங்கினர். வெளியூரார் ஆற்றைக் கடந்து வருகின்றனர். போர்வை கொடியில் ஆட, தைத்தவர் அதன் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். விலையை அவரிடமே கேட்டறிந்து, பணத்தை அவர் கையிலேயே கொடுத்து வாங்கிச் செல்கின்றனர்.